ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட்: பந்தயத் திடலும் நஞ்சை நிலமும்

'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட்' பிரிட்டிஷ் எழுத்தாளர் டிக் பிரான்சிஸ் (1920–2010) எழுதிய துப்பறியும் நாவல். 1965-இல் வெளிவந்தது. குதிரைப் பந்தய உலகில் நடக்கும் ஒரு சதியைத் தனியார் துப்பறிவாளன் ஒருவன் கண்டுபிடிப்பது கதை. சிட் ஹாலி என்னும் அந்தத் துப்பறிவாளன் பின்னர் 'விப் ஹேண்ட்' (1979), 'கம் டு க்ரீஃப்' (1995), 'அண்டர் ஆர்டர்ஸ்' (2006) ஆகிய நாவல்களிலும் வருகிறான்.

நாவலின் பெயர் பந்தயத் தரகர்களின் பேச்சிலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு குதிரை ஜெயிப்பதைவிடத் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று தரகர் கணித்தால், 'ஒன்றுக்கு நாலு', 'ஒன்றுக்குப் பத்து' என்று விகிதம் சொல்வார். ஒரு ரூபாய் கட்டியவருக்குக் குதிரை ஜெயித்தால் நாலோ பத்தோ லாபம். தோற்றால் கட்டிய ரூபாய் போனதுதான். இந்த நாவலில் அப்படிப்பட்ட குதிரையின் இடத்தில் நிற்பவன் கதாநாயகனே. கதை தொடங்கும்போது அவன் பேரில் காலணா கட்ட ஆள் இல்லை.

தமிழ்நாட்டில் 'ரேஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் பலருக்கு நினைவு வருவது சொத்தை அழித்தவர்களின் கதை. அதனாலேயே நூலகத்தில் இந்த நாவலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பந்தயச் சொற்கள் புரியாமல் திருப்பி வைத்துவிடும் வாசகர்கள் உண்டு. நாவலில் குதிரைகள் நிறையவே ஓடுகின்றன. ஆனால் குற்றம் குதிரை மேல் நடப்பதில்லை. குதிரை ஓடும் மண்ணின் மேல் நடக்கிறது. அந்த வகையில் இது ஒரு நிலக் கதை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து வாசகருக்கு லண்டன் வாசகரைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

ஆசிரியர்

டிக் பிரான்சிஸ் எழுத வருவதற்கு முன் தொழில்முறை ஜாக்கியாக இருந்தவர். வேலிகளையும் பள்ளங்களையும் தாண்டி ஓடும் தடைதாண்டு பந்தயம் அவருடைய துறை. (கிண்டி போன்ற இந்திய மைதானங்களில் பெரும்பாலும் நடந்தது சமதள ஓட்டம். இரண்டும் வேறு வேறு.) 1953–54 பருவத்தில் பிரிட்டனின் முதன்மை ஜாக்கியாக வந்தார். அரசியின் தாயாருக்குச் சொந்தமான குதிரைகளை ஓட்டினார்.

1956-இல் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் அவர் ஓட்டிய 'டெவன் லாக்' என்னும் குதிரை எல்லாத் தடைகளையும் தாண்டி, எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தது. முடிவுக்கோடு கண்ணுக்கெதிரே இருந்தது. அப்போது குதிரை திடீரென்று கால் பரப்பி வயிறு தரையில் பட விழுந்தது. பின்னால் வந்த குதிரை ஜெயித்தது. டெவன் லாக் ஏன் விழுந்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. ஆசிரியர் தம் வாழ்க்கையிலேயே விடை கிடைக்காத ஒரு புதிரைச் சுமந்தவர் என்பதை அவருடைய நாவல்களைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த ஆண்டு பந்தயத்திலிருந்து விலகித் தன்வரலாறு எழுதினார். 'சண்டே எக்ஸ்பிரஸ்' இதழுக்குப் பல ஆண்டுகள் பந்தயச் செய்தியாளராக இருந்தார். முதல் நாவல் 'டெட் செர்ட்' 1962-இல் வந்தது. பிறகு ஏறக்குறைய ஆண்டுக்கு ஒன்று. அமெரிக்கத் துப்பறியும் எழுத்தாளர் சங்கம் சிறந்த நாவலுக்குத் தரும் எட்கர் விருதை மூன்று முறை பெற்றார்.

குதிரைப் பந்தயத்தைத் துப்பறியும் கதைக்குள் கொண்டுவந்த முதல் ஆள் அவர் இல்லை. ஆர்தர் கோனன் டாயில் 1892-இலேயே 'சில்வர் பிளேஸ்' என்ற ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் காணாமல் போன பந்தயக் குதிரையைத் தேடவைத்தார். நாய் குரைக்காததை வைத்து உண்மையைக் கண்டுபிடிக்கும் புகழ்பெற்ற கதை அது. ஆனால் பந்தய விதிமுறைகளில் தமக்குப் போதிய அறிவு இல்லாமல் அதை எழுதியதைப் பிற்காலத்தில் டாயிலே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார். பிரான்சிஸ் நின்ற இடம் வேறு. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் ஜாக்கியைச் சேணத்தோடு நிறுத்தி எடை போடும் அறை, அதன் வாசனை, அங்கே யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை அவருக்குத் தெரியும். பந்தயத்தில் எந்த இடத்தில் ஏமாற்ற முடியும், எந்த இடத்தில் முடியாது என்று அவர் சொன்னால் வாசகர் நம்பிவிடுகிறார்.

கதை

சிட் ஹாலி முன்னாள் முதன்மை ஜாக்கி. ஒரு விபத்தில் குதிரையின் குளம்பு பட்டு இடது கை சிதைந்து, தொழிலை விட்டவன். ராட்னர் என்பவர் நடத்தும் துப்பறியும் நிறுவனத்தில் பந்தயப் பிரிவில் இரண்டு ஆண்டுகளாக வேலை. வேலை என்பது பெயருக்குத்தான். மனைவி ஜென்னி பிரிந்துவிட்டாள். ஒரு இரவு அலுவலகத்தில் சில்லறைத் திருடன் ஒருவனைப் பிடிக்கக் காத்திருக்கும்போது வயிற்றில் குண்டு பாய்கிறது. நாவல் இங்கே தொடங்குகிறது. குண்டு பட்ட பிறகுதான் அவனுக்கு உயிர் வாழும் ஆசையே திரும்புகிறது என்பது ஆசிரியர் செய்யும் முதல் நல்ல காரியம்.

உடல் தேற மாமனார் சார்லஸ் ரோலண்டின் வீட்டுக்குப் போகிறான். மகள் பிரிந்த பிறகும் மருமகனை விடாத ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி அவர். வார இறுதிக்கு ஹோவர்ட் கிரே என்ற பணக்காரரையும் அவர் மனைவி டோரியாவையும் இன்னும் சிலரையும் விருந்துக்கு அழைக்கிறார். விருந்தாளிகள் முன்னால் மருமகனைத் தண்டச்சோறு தின்பவன் என்று காட்டி மட்டம் தட்டுகிறார். சிட் கூனிக் குறுகுகிறான். காரணம் பிறகுதான் தெரிகிறது. கிரே சீபரி என்ற கடற்கரையோரப் பந்தய மைதானத்தின் பங்குகளை ரகசியமாக வாங்கிக் குவிக்கிறார் என்று சார்லஸுக்குச் சந்தேகம். கிரே ஒருவனைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்றால் அவனை முதலில் துச்சமாக எண்ணவேண்டும். அதற்காகத்தான் அந்த நாடகம். கிரேயை வீட்டுக்கு இழுக்க அவருக்குப் பித்துள்ள படிகக் கற்களை இரவல் வாங்கி அடுக்கி வைத்ததும் சார்லஸின் ஏற்பாடு. கிழவர் லேசுப்பட்டவர் இல்லை.

பிறகு கதை சீபரிக்கு நகர்கிறது. அந்த மைதானத்துக்கு ஒன்றன்பின் ஒன்றாக விபத்து. ரசாயனம் ஏற்றி வந்த டேங்கர் லாரி கவிழ்ந்து ஓட்டப் பாதையின் புல்லும் மண்ணும் பாழாகின்றன. பூமிக்கடியில் இருந்த வடிகால் உடைகிறது. லாயத்தில் தீப்பிடிக்கிறது. ஓடி வரும் குதிரைகளின் கண்ணைக் கூசவைக்கக் கண்ணாடி ஒன்றும் நிறுத்தப்படுகிறது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் துரதிருஷ்டம். வரிசையாக வைத்துப் பார்த்தால் கணக்கு. பந்தயம் நடக்காவிட்டால் வருமானம் இல்லை. வருமானம் இல்லாவிட்டால் பங்கின் விலை இறங்கும். இறங்கிய விலைக்குப் பங்குகளை வாங்கி, மைதானத்தை மூடி, நிலத்தை வீட்டுமனைக்கு விற்றால் கொள்ளை லாபம். கிரேக்குக் குதிரை வேண்டாம், கோப்பை வேண்டாம். மண் வேண்டும்.

மைதானத்தின் உள்ளேயிருந்து கிரேக்கு உதவும் ஒருவர் உண்டு. அவர் பெயரை இங்கே எழுதினால் வாசகருக்குச் செய்யும் துரோகமாகிவிடும். இறுதியில் சிட் மைதானக் கட்டடத்துக்குள் அவர்களிடம் மாட்டிக்கொள்கிறான். ஏற்கெனவே ஊனப்பட்ட கை இன்னும் மோசமாக நொறுக்கப்பட்டு, அதை இழந்தே வெளியே வருகிறான்.

நிலத்தைப் பயனற்றதாக்கும் கலை

கிரேயின் வழிமுறையைக் காவிரிப் படுகையில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. தலைமடையில் தண்ணீர் வராது, வாய்க்கால் தூர்ந்து கிடக்கும், வடிகால் அடைபட்டு நட்ட பயிர் அழுகும். இரண்டு மூன்று போகம் இப்படிப் போனால் குறுவையும் இல்லை, தாளடியும் இல்லை. நிலம் தரிசு என்று பேராகும். பிறகு ஒருநாள் பொக்லைன் வரும், கல் நடுவார்கள், கொடி கட்டுவார்கள், 'நகர்' என்று முடியும் ஒரு பெயர்ப்பலகை நிற்கும். தண்ணீர் வராமல் போனதற்கும் பலகை நின்றதற்கும் எப்போதும் தொடர்பு இருக்கும் என்று சொல்ல முடியாது. பல இடங்களில் வானமும் மேட்டூர் அணையும்தான் காரணம். ஆனால் தொடர்பு இருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சிட் ஹாலி செய்வது அந்த வேலைதான். லாரி ஓட்டுநர் இப்போது எங்கே, பங்கு யார் பெயரில் மாறியது, பழுதுபார்க்கும் வேலையைத் தாமதப்படுத்தியது யார் என்று அவன் கேட்டுக்கொண்டே போகிறான். நாவலின் நடுப்பகுதி முழுக்க இப்படிப்பட்ட விசாரணை. துப்பாக்கி விரும்பும் வாசகருக்கு இது சலிப்பூட்டலாம். பத்திர அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கு நின்று பழகியவருக்குச் சலிக்காது.

காவிரிப் படுகைக்கு ஓட்டப் பந்தயமும் புதிதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களிலும் அடுத்துள்ள புதுக்கோட்டை மாவட்டத்திலும் திருவிழாவை ஒட்டிச் சாலையில் மாட்டுவண்டிப் பந்தயமும் குதிரைவண்டிப் பந்தயமும் நடக்கும். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று மாட்டுக்குப் பிரிவுகள். குதிரைக்கும் பெரிது, சிறிது என்று தனிப் பிரிவு. வண்டியை ஓட்டும் சாரதிக்குத் தனி மரியாதை. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம் வண்ணப் படங்களோடு இருக்கிறது. பழைய தஞ்சை மாவட்டத்தில் சேர்ந்திருந்த ஆவுடையார்கோயிலில், குதிரை வாங்கக் கொடுத்த அரசுப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்ட அமைச்சரின் கதை வழிவழியாகச் சொல்லப்படுகிறது. நரி பரியாகி, பரி மறுபடி நரியான அந்தக் கதையைத் தமிழின் முதல் குதிரைக் கொள்முதல் விவகாரம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ஆனால் சூதாட்டத்தோடு கூடிய பந்தயம் சென்னைக்கு உரியது. கிண்டியில் மெட்ராஸ் ரேஸ் கிளப் நடத்திய பந்தயத்தை நிறுத்த 1974-இல் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. கிளப்பின் நிர்வாகத்தையே எடுத்துக்கொள்ள 1986-இல் இன்னொரு சட்டம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பு வந்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை ஆகியவற்றைக் கணித்துக் கட்டுவதால் அது வெறும் அதிர்ஷ்ட விளையாட்டு ஆகாது, திறமை சார்ந்தது என்று நீதிமன்றம் சொன்னது. சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது.

பந்தயம் சரியா தவறா என்ற வாதம் அங்கே ஓய்ந்தது. நிலம் ஓயவில்லை. 1945-இலிருந்து 99 ஆண்டுக் குத்தகையில் இருந்த 160 ஏக்கருக்கும் மேற்பட்ட கிண்டி நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து மைதானத்துக்குச் சீல் வைத்தது. விவகாரம் மறுபடி நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே நடந்தது வாடகை பாக்கியும் அரசு நிலமும் பற்றிய வழக்கு. சீபரியில் நடப்பது தனியார் சதி. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்ப்பது தவறு. ஆனால் பெருநகரத்து நடுவே புல் முளைத்துக் கிடக்கும் ஒரு மைதானத்தின் விலையை யாராவது எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதை 1965-இலேயே ஒரு நாவலாசிரியர் கவனித்துவிட்டார்.

டெல்டாவின் துப்பறிவாளர்கள்

தமிழில் துப்பறியும் நாவலை வளர்த்தவர்களில் இருவர் காவிரிப் படுகையில் பிறந்தவர்கள். ஒருவர் வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942). இன்று பறவைகள் சரணாலயத்தால் அறியப்படும், தஞ்சாவூர்–மன்னார்குடி சாலையில் உள்ள வடுவூர் அவருடைய ஊர். அரசின் வருவாய்த் துறையில் வேலை பார்த்துவிட்டு எழுத்துக்கு வந்தவர். 'மேனகா' (1923) மேடையேறி, பின்பு 1935-இல் திரைப்படமும் ஆனது. இன்னொரு புகழ்பெற்ற நாவலான 'கும்பகோணம் வக்கீல்' மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பில் 1950-இல் 'திகம்பர சாமியார்' என்று படமாக வந்தது. எம்.என். நம்பியார் துப்பறியும் சாமியாராகப் பல மாறுவேடங்களில் நடித்தார். வில்லனாகவே அவரை அறிந்தவர்கள் இதைத் தேடிப் பார்க்கவேண்டும்.

'கும்பகோணம் வக்கீல்' என்ற பெயரே டெல்டாவின் நாடி பிடித்த பெயர். இங்கிலாந்தில் பணம் கைமாறும் இடம் பந்தயத் திடல் என்றால், நெல் விளையும் நாட்டில் அது கோர்ட்டு வாசல். மிராசு, பாகப்பிரிவினை, சுவீகாரம், குத்தகை பாக்கி, அடைமானம் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர்கள் இவை. ஜாக்கி குதிரையை இழுத்துப் பிடித்தால் கட்டியவர் பணம் போகும். வக்கீல் வழக்கை இழுத்துப் பிடித்தால் கட்சிக்காரர் நிலம் போகும். இரண்டு தொழிலும் நம்பிக்கையின் மேல் நிற்பவை. அதனால்தான் இரண்டிலும் துரோகம் கதையாகிறது. சட்டம் அறிந்த வக்கீலைக் குற்றவாளியாக நிறுத்தியதில் வடுவூராரின் பார்வை கூர்மையானது.

ஆனால் அந்தக் கூர்மை விசாரணைக்குள் போகவில்லை. கோர்ட்டுக் காகிதம் எப்படி எழுதப்படுகிறது, எந்த வரியில் மோசடி நுழைகிறது, ஒரு கணக்குப்பிள்ளை எதைப் பார்த்தால் சந்தேகப்படுவார் என்பதெல்லாம் வருவாய்த் துறையில் இருந்த வடுவூராருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. பிரான்சிஸ் எடை பார்க்கும் அறையை அறிந்ததுபோல் அவர் தாலுகா கச்சேரியை அறிந்தவர். இருந்தும் அவருடைய துப்பறிவாளர் பெரிதும் நம்புவது மாறுவேடத்தை. திகம்பர சாமியார் எல்லாம் அறிந்தவர். அவருக்கு ஒன்றும் ஆகாது என்று வாசகருக்கு முன்பே தெரியும். ஆங்கிலத்தில் ரெயினால்ட்ஸ் எழுதிய ரகசியக் கதைகளின் பாதிப்பு ஒரு காரணம். எதிர்பாராத திருப்பத்தை ஒவ்வோர் அத்தியாயத்திலும் கேட்ட அன்றைய வாசகர் இன்னொரு காரணம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் நாவல் படிக்கவைத்தவர் அவர். அந்தப் பெருமை குறையாது. ஆனாலும் காவிரிப் படுகையின் நிலத் தகராறு ஒரு முழுத் துப்பறியும் நாவலாக அவர் கையால் வந்திருக்கக்கூடும், வராமல் போய்விட்டது என்ற குறை படிக்கிறவருக்குத் தங்கிவிடுகிறது.

இன்னொருவர் தேவன் (1913–1957). திருவிடைமருதூர்க்காரர். ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'துப்பறியும் சாம்பு'வைத் தெரியாத தமிழ் வாசகர் குறைவு. சாம்பு அசட்டு பாங்கு குமாஸ்தா. அவன் ஏதோ உளறுவான், தடுக்கி விழுவான், அது குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிடும். ஊர் அவனை மேதை என்று கொண்டாடும். சிட் ஹாலியைச் சாம்புவின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். சாம்புவிடம் இல்லாத திறமையை எல்லோரும் இருப்பதாக நம்புகிறார்கள். சிட்டிடம் இருக்கும் திறமையை எல்லோரும் இல்லை என்று நம்புகிறார்கள். தேவனின் சிரிப்பும் பிரான்சிஸின் பதற்றமும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன: ஆளைப் பார்த்து எடைபோடும் உலகத்தின் தராசு சரியில்லை. தேவன் அந்தத் தராசைப் பார்த்துச் சிரித்தார். பிரான்சிஸ் அதைத் தன் துப்பறிவாளனின் ஆயுதமாக்கினார்.

தொழிலறிவைத் துப்பறியும் கதைக்குள் கொண்டுவந்தவர் என்று தமிழில் பிற்காலத்தில் சொல்லத்தக்கவர் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா. பொறியாளரான அவருடைய கணேஷ் ஒரு வக்கீல் என்பதும் கவனிக்கத்தக்கது. ஆனால் கணேஷின் களம் பெரும்பாலும் நகரம். வாய்க்கால் வரப்பு அவனுக்கு எப்போதாவதுதான்.

ஊனப்பட்ட கை

நாவலின் உயிர் சிட்டின் கை. அதை அவன் எப்போதும் பாக்கெட்டுக்குள் மறைத்தே வைத்திருக்கிறான். விருந்து வீட்டில் கிரேயும் டோரியாவும் அதை வலுக்கட்டாயமாக வெளியே இழுத்துப் பார்க்கும் காட்சி, பின்னால் வரும் அடிதடிகளைவிடக் கொடூரமானது. யாரும் ரத்தம் சிந்துவதில்லை. ஒரு மனிதன் வெட்கப்படும் இடத்தை இருவர் வேடிக்கை பார்க்கிறார்கள், அவ்வளவே.

இதற்கு நேர் எதிரே சானா மார்ட்டின் வருகிறாள். பங்குத் தரகர் அலுவலகத்தில் வேலை செய்பவள்; முகத்தின் ஒரு பக்கம் சிதைந்தவள். வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று மேசையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடமிருந்து தகவல் வாங்கத்தான் சிட் போகிறான். பேச்சு வேறெங்கோ போய் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்படுகிறது: அவள் மேசையைத் திருப்பி வாசலைப் பார்த்து உட்காரவேண்டும்; அவன் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவேண்டும். அவள் சொன்னபடி செய்துவிடுகிறாள். அவனுக்குத்தான் முடியவில்லை. குண்டுக்கும் குதிரைக்கும் அஞ்சாதவன் ஒரு கையை வெளியே எடுக்க அஞ்சுகிறான். அவன் தன் வேலைக்காகத் தொடங்கிய பேச்சு அவள் வாழ்க்கையில் என்ன செய்துவிட்டது என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. துப்பறிவாளனும் மனிதர்களைப் பயன்படுத்துகிறவன்தான். எழுத்தில் ஆர்வமுள்ள மாணவர்கள் நாவலில் வேறெதையும் விட்டாலும் இந்தப் பகுதிகளை விடக்கூடாது.

குறைகள்

வில்லன்களைப் படைப்பதில் இந்த நாவல் பலவீனமானது. கிரேக்குப் பணத்தாசை இருப்பது கதைக்குப் போதும். அதற்கு மேல் கணவன் மனைவி இருவருக்கும் வலியைப் பார்த்து மகிழும் குணத்தையும் சேர்த்ததில் நிலத் தரகு என்னும் நிஜமான தீமை மங்கிப்போகிறது. மனைகளைப் பிரித்து விற்பவர் கொடூரராக இருக்கவேண்டியதில்லை. புன்னகையோடு டீ வாங்கிக் கொடுப்பவராகவும் இருப்பார். டோரியாவின் பாத்திரம் மலிவுப் பதிப்பு நாவல்களின் அட்டைப் படத்திலிருந்து இறங்கி வந்ததுபோல் இருக்கிறது.

பந்தயத்தை நடத்தும் பிரபுக்களை ஆசிரியர் அளவுக்கு மீறி மதிக்கிறார் என்பது இன்னொரு குறை. ஹாக்போர்ன் பிரபு மந்தமானவர், முடிவெடுக்கத் தயங்குபவர். ஆனால் நேர்மையில் குறை இல்லை. தவறு எப்போதும் வெளியிலிருந்து வருகிறது, அல்லது வெளியாளுக்கு விலைபோன ஊழியரிடமிருந்து வருகிறது. அரசியின் தாயாருக்குக் குதிரை ஓட்டியவரின் விசுவாசம் அது. பண்ணையார் நல்லவர், காரியக்காரர்தான் கெட்டவர் என்று சொல்லும் பழைய கதைகளைத் தஞ்சை வாசகர் எத்தனையோ கேட்டிருக்கிறார்.

இந்தக் குறைகளை ஆசிரியரே பின்னால் திருத்திக்கொண்டார் என்பதுதான் சிட் ஹாலி வரிசையைத் தொடர்ந்து படிக்கவைக்கிறது. 'விப் ஹேண்ட்' நாவலில் செயற்கைக் கையோடு திரியும் சிட்டிடம், மிச்சமிருக்கும் வலது கையையும் சுட்டுப் பறித்துவிடுவேன் என்று ஒரு பந்தயத் தரகர் மிரட்டுகிறார். சிட் பயந்து பாரிசுக்கு ஓடிவிடுகிறான். துப்பறியும் நாவலின் கதாநாயகன் பயந்து ஓடுவதும், ஓடியதற்காக உள்ளுக்குள் நொறுங்குவதும் அரிது. 'கம் டு க்ரீஃப்'பில் இன்னும் ஒரு படி. அங்கே குதிரைகளின் காலை வெட்டும் குற்றத்தில் சந்தேகம் விழுவது சிட்டின் சொந்த நண்பன் மேல். நாடே நேசிக்கும் தொலைக்காட்சி நட்சத்திரம் அவன். கிரேயைப் போல் முகத்தில் எழுதி ஒட்டிய வில்லன் இல்லை. உண்மையைச் சொன்னதற்காக ஊரும் பத்திரிகையும் சிட்டையே தூற்றுகின்றன.

படிக்கும் வரிசை

வரிசையாகப் படிக்க விரும்புபவர்கள் 'ஆட்ஸ் அகெய்ன்ஸ்ட்'டிலிருந்தே தொடங்குவது நல்லது. கையின் கதை தெரியாமல் 'விப் ஹேண்ட்'டின் பயம் புரியாது. ஆங்கிலம் எளிமையானது, வாக்கியங்கள் சிறியவை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவரும் அகராதி அதிகம் புரட்டாமல் படித்துவிடலாம். பந்தயச் சொற்கள் முதலில் தடுக்கினால் அவற்றைத் தாண்டிப் போய்விடலாம். டேங்கர் லாரி கவிழும் இடம் வந்ததும், யார் யாருக்கு எந்த நிலம் எந்த விலைக்கு வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். மீதிக் கதையை அந்தத் தாள் பார்த்துக்கொள்ளும்.